கீரிச்சம்பாவா, 362 ஆ, மொட்டைக்கறுப்பனா? மூன்று துண்டு வயலுக்கு ஒரு கணக்கு

எந்த நெல்லை விதைப்பது என்று ஒவ்வொரு புரட்டாதியும் எங்கள் வீட்டு விறாந்தையில் நடக்கிற சண்டை இது. அப்பா பி.ஜி. 360 என்பார், பெரியப்பா ஏ.ரி. 362 ஐ விட்டு அசையமாட்டார், அம்மா குசினிக்குள் இருந்தபடியே, "சாப்பாட்டுக்கு ஒரு துண்டு மொட்டைக்கறுப்பன் போடுங்கோ, மிச்சத்தில என்ன கோதாரியை விதைச்சாலும் சரி" என்பார். முதல் இரண்டும் ஆராய்ச்சி நிலையத்துப் புது நெல், மொட்டைக்கறுப்பன் எங்கள் பழைய பாரம்பரிய நெல். காணி முழுக்க ஒரே இடத்தில் கிடந்தால் ஒரு தேத்தண்ணியோடு தீர்ந்துவிடும். எங்களுக்கோ மூன்று துண்டு. ஒன்று இரணைமடுக் குளத்து வாய்க்காலின் தலைப்பில், தண்ணீர் முதலில் வருகிற இடம். அடுத்தது அதே வாய்க்காலின் வாலில், பள்ளம், மழை இறுகினால் குளமாகிவிடும். மூன்றாவது பூநகரிப் பக்கம், அம்மாவின் சீதனக் காணி, வானம் பார்த்தது, உப்புக்காற்று மூக்கில் ஏறும் தூரத்தில் கடல்.

விதை வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஏக்கருக்கு எத்தனை மூடை என்று. எனக்கு அந்தக் கேள்வியில் அலுப்பு வந்துவிட்டது. எந்தத் துண்டு எப்படிக் காலை வாரும் என்று முதலில் பாருங்கள், அப்புறம் மூடையை எண்ணலாம்.

பெயரில் உள்ள இலக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், பலர் அதைச் சும்மா ஒரு வரிசை எண் என்றே நினைத்திருக்கிறார்கள். பி.ஜி. என்றால் பத்தலகொட, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை, அந்தந்த ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த நெல். இலக்கம் 250 இலிருந்து போனால் இரண்டரை மாதம், 300 இலிருந்து மூன்று, 350 இலிருந்து மூன்றரை, 400 இலிருந்து நாலு. ஆக பி.ஜி. 352, ஏ.ரி. 354, பி.ஜி. 360, ஏ.ரி. 362 நாலுமே மூன்றரை மாதக்காரர்தான், வயதை வைத்து இவர்களுக்குள் ஆளைப் பிரிக்க முடியாது.

தலைப்புத் துண்டில் இருந்து தொடங்குவோம், அங்கே சண்டை 360 க்கும் 362 க்கும். 360 என்பது 1999 இல் வந்த வெள்ளை நெல், பொடிமணி, கடையில் கீரிச்சம்பா என்று விற்பது இதைத்தான், தெற்கே போகிற லொறிக்காரர் தேடி வாங்குவதால் விலையும் ஒரு படி கூட. 362 என்பது 2002 இல் வந்த சிவப்பு. வடக்கில் புழுங்கல் போட்டுச் சாப்பிடுகிற சனத்துக்கு நிறம் வேண்டும், அதனால் அது தேங்குவதில்லை. விலையை மட்டும் பார்த்தால் அப்பா சொல்வதுதான் சரி. ஆனால் கீரிச்சம்பாவில் கலப்பு வந்தால் செத்தோம். இரண்டு போகத்துக்கு முன் ஒரு இடத்தில் வாங்கிய விதையில் சிவப்பு கலந்திருந்தது. நெல்லாக மூடையில் கிடக்கும்போது கண்ணுக்கே தெரியவில்லை, ஆலையில் ஒரு பிடி குற்றி உள்ளங்கையில் பரப்பியபோதுதான் வெள்ளைக்கு நடுவில் நாலைந்து செங்கல் நிற மணி கிடந்தது, வாங்க வந்தவர் ஒன்றும் பேசாமல் விலையைக் குறைத்தார்.

அந்தச் சிவப்பின் கதை சுவாரசியமானது. சிவப்புத்தான் நெல்லின் ஆதி நிறம், காட்டு நெல் எல்லாம் சிவப்பு. ஏழாவது நிறமூர்த்தத்தில் ஆர்.சி. என்றொரு பரம்பரையலகு இருக்கிறது, அதன் டி.என்.ஏ.யில் 14 எழுத்து அறுந்துபோன ஒரு பழுதில் இருந்துதான் உலகத்து வெள்ளை அரிசியில் பெரும்பகுதி வந்தது. நாங்கள் வெள்ளைவெளேர் என்று கொண்டாடுவது ஒரு உடைசல். நிறம் தவிட்டில்தான் நிற்கிறது, ஆலையில் நன்றாகத் தீட்டினால் 362 உம் வெளிறிப்போகும். ஆகவே சிவப்பரிசி சாப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு தீட்டிய அரிசி வாங்குகிறவர்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை.

சரி, தலைப்புத் துண்டுக்கு என் வாக்கு 362. விலையில் விடுவதை நிம்மதியில் எடுக்கலாம்.

மொட்டைக்கறுப்பனையும் இந்தப் புது நெல்களையும் பிரிக்கிற பெரிய விசயம் உயரம். 1966 இல் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 ஐ வெளியே விட்டது. தாய்வானின் குட்டை நெல் ஒன்றையும் இந்தோனேசியாவின் பீட்டா என்ற நெட்டை நெல்லையும் சேர்த்து எடுத்தது அது. குட்டையாக்கிய பரம்பரையலகுக்கு எஸ்.டி. 1 என்று பெயர், ஜிபரலின் என்ற வளர்ச்சி ஓமோனைச் செய்கிற நொதியம் அதில் பழுதாகிக் கிடக்கிறது. தண்டு குட்டையானால் யூரியாவைக் கொட்டினாலும் பயிர் படுக்காது, சத்து வைக்கோலுக்குப் போகாமல் மணிக்குப் போகும். வேடிக்கை என்னவென்றால் பார்லியிலும் இதே கதை. பார்லி எங்களுக்குச் சலக்கடுப்புக்குக் காய்ச்சிக் குடிக்கிற தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் 1965 இல் செக்கோஸ்லோவாக்கியாவில் எக்ஸ் கதிர் அடித்து எடுத்த டயமன்ட் என்ற பார்லியைக் குட்டையாக்கியது நெல்லின் எஸ்.டி. 1 க்கு உடன்பிறப்பான பரம்பரையலகுதான். ஒரு கண்டத்தில் தற்செயலாகக் கிடைத்ததை இன்னொரு கண்டத்தில் கதிர் அடித்து எடுத்திருக்கிறார்கள், உடைந்த இடம் என்னவோ ஒன்று.

குட்டை நெல்லுக்கு ஒரு கடன் உண்டு, அது உரம். 2021 சித்திரைக் கடைசியில் இரசாயன உரத்தை நிறுத்துகிறோம் என்று அரசாங்கத்தில் அறிவித்தார்கள், கார்த்திகையில் தளர்த்தும்போது விதைத்த நெல் மஞ்சளடித்து நின்றது. அந்தப் போகம் எங்கள் 362 வழமையில் பாதியைத் தாண்டவில்லை. பூநகரித் துண்டில் மொட்டைக்கறுப்பன் எப்போதும் தருகிற கொஞ்சத்தை அந்த முறையும் தந்தது. பெரியப்பா அதைப் பார்த்து, "உவன் எண்டைக்கும் பிச்சைக்காரன்தான், பஞ்சம் வந்தா உவனுக்குத் தெரியாது" என்றார். இதைவிடச் சுருக்கமாக இரண்டையும் ஒப்பிட என்னால் முடியாது. எல்லா நிலத்தையும் பாரம்பரிய நெல்லுக்கு மாற்றச் சொல்லுகிற ஆட்களோடு ஆனால் எனக்கு ஒத்துவராது, நல்ல போகத்தில் 362 இன் பாதிகூட அது தராது, கடன் கட்டுகிறவன் அதை வைத்து என்ன செய்வான்?

பூநகரித் துண்டில் எதிரி உப்பு. தானியங்களில் உப்பைத் தாங்குவதில் பார்லி முன்வரிசை, நெல் பின்வரிசை. மண்ணில் உப்புக் கூடக் கூட அதன் மின்கடத்துதிறனும் கூடும், அது மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸ் தாண்டினால் நெல்லின் விளைச்சல் இறங்கத் தொடங்கும், பார்லி 8 வரை அசையாது. இங்கே போட்டி 1992 இல் வந்த ஏ.ரி. 354 க்கும் மொட்டைக்கறுப்பனுக்கும். 354 இன் பெற்றோரில் ஒன்று கேரளத்துப் பொக்காளி, கடல்நீர் ஏறுகிற வயலிலேயே காலங்காலமாக நிற்கிற நெல். பொக்காளியின் முதலாம் நிறமூர்த்தத்தில் சால்ட்டோல் என்றொரு பகுதி இருக்கிறது, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சமன்பார்த்து நாற்றைக் காப்பாற்றுவது அதன் வேலை. நாற்றை என்பதைக் கவனியுங்கள். நெல் உப்புக்குப் பயப்படுவது இரண்டு தடவை, ஒன்று குருத்தாக இருக்கும்போது, மற்றது பூக்கும்போது. மார்கழியோடு மழை வெட்டி, தையில் பூக்கும் நேரத்தில் உப்பு மேலே ஏறினால் நாற்றில் காட்டிய வீரம் அங்கே உதவாது, கதிர் நிமிர்ந்தே நிற்கும், பிடித்து நசித்தால் சப்பி.

மொட்டைக்கறுப்பனின் உபாயம் வேறு. புழுதியில் விதைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், மழை வர முளைக்கும், ஐப்பசி கார்த்திகை மழை உப்பைக் கீழே கழுவுகிற அதே நாட்களில் அது கிடுகிடுவென்று உயர்ந்துவிடும். மழைக்காலத்தில் விதைக்கிற பழைய காலபோக நெல்களில் பலவற்றுக்குப் பகல் சுருங்குவதும் தெரியும். வன்னியில் ஆனிக்கும் மார்கழிக்கும் பகல் நீளத்தில் ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம், அதைக்கூட அவை அளந்து, முந்தி விதைத்தாலும் பிந்தி விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூக்கும். புது நெல் நாட்களை எண்ணும், பழைய நெல் பகலைப் பார்க்கும். மழை பிந்திய வருசத்தில் இதன் பெறுமதி தெரியும். ஒரு குறை, நெட்டையாக இருப்பதால் காற்றில் படுத்துவிடும், வெட்டு மெசின்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கூடக் காசு கேட்பார். பூநகரிக்கு நான் பாதி 354, பாதி மொட்டைக்கறுப்பன் என்றுதான் சொல்வேன், இரண்டும் ஒரே வருசம் கவிழ்வது அபூர்வம்.

பள்ளத் துண்டில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2018 மார்கழி வெள்ளத்தில் அது ஒரு கிழமை தண்ணீருக்குள் கிடந்தது, வடிந்தபோது பயிர் அவித்த கீரை மாதிரி மண்ணில் ஒட்டியிருந்தது. இதற்கு மருந்து இருக்கிறது. ஒன்பதாவது நிறமூர்த்தத்தில் சப் 1 ஏ என்ற பரம்பரையலகு இருந்தால் நெல் தண்ணீருக்கடியில் வளர முண்டாமல் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும், சத்தைச் செலவழிக்காது, இரண்டு கிழமை வரை தாங்கும். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து அதை எடுத்து 2009 இல் இந்தியாவில் சுவர்ணா சப் 1 ஐ விட்டார்கள். அப்படி மூழ்கித் தப்பும் நெல் என்று ஆராய்ச்சியாளர் குறித்து வைத்த பழைய பட்டியலில் இலங்கையின் குர்க்கருப்பன் என்று ஒரு பெயரும் நிற்கிறது. பெயரைப் பாருங்கள், தமிழ்ப் பெயர். பயிரின் சாற்றை உறிஞ்சுகிற அறக்கொட்டிப் பூச்சிக்கும் இதே நிலைதான்: ஆசியா முழுக்க அறக்கொட்டியை எதிர்க்க எடுத்தாளப்படும் பி.பி.எச். 3 என்ற பரம்பரையலகு எங்கள் நாட்டு ரத்து ஹீனட்டியில் இருந்தது. வீட்டுப் பத்தாயத்தில் இருந்ததை ஊரெல்லாம் ஆண்டுகொண்டிருக்க, நான் பள்ளத் துண்டில் 352 ஐ விதைத்துவிட்டு வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன். 352 திறம் என்பதற்காக இல்லை, போனால் குறைந்த காசோடு போகட்டும் என்பதற்காக.

குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடையில் செய்கிற சிறுபோகத்துக்குப் பெரிய அலசல் தேவையில்லை. குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துக் கூட்டத்தில் பங்கு பிரிப்பார்கள், கிடைப்பது கொஞ்சம் என்றால் மூன்று மாத பி.ஜி. 300, இன்னும் இறுக்கம் என்றால் இரண்டரை மாத பி.ஜி. 250, அவ்வளவுதான்.

இந்த வருசமும் விறாந்தையில் முடிவு எட்டவில்லை. அப்பா தலைப்புத் துண்டில் கால்வாசிக்காவது கீரிச்சம்பா வேண்டும் என்று நிற்கிறார், விட்டுக்கொடுத்திருக்கிறேன், விதையை நானே ஒரு பிடி குற்றிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்ற ஒப்பந்தத்தில். அம்மா யாரையும் கேட்கவில்லை. போன போகத்து மொட்டைக்கறுப்பனைச் சுளகில் போட்டுப் புடைத்து, சுண்டால் அளந்து சாக்கில் கட்டி, கதவு மூலையில் வைத்துவிட்டார், மிச்சம் வந்த இரண்டு சுண்டு நெல்லைக் குற்றிப் புட்டுக்கு மா இடித்தாயிற்று.