பவர் பிஐயா, எக்செலில் கையால் பார்ப்பதா? யாழ்ப்பாணக் கடைகளுக்கு எது பொருந்தும்

ஒரே ஒரு புடவைக்கடை என்றால் எக்செல் போதும். இரண்டு மூன்று கிளைகள், மாதாமாதம் அதே அறிக்கை என்றால், மைக்ரோசொஃப்டின் அறிக்கை தயாரிக்கும் மென்பொருளான பவர் பிஐ அந்த வேலையை நன்றாகவே செய்யும். எதை எடுத்தாலும், அது காட்டும் வரைபடத்தை மட்டும் நம்பிச் சரக்கு எடுக்கக் கூடாது.

பவர் பிஐ டெஸ்க்டொப் இலவசம். விண்டோஸில் மட்டுமே ஓடும். மாதாந்தப் பில் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு, 'கெட் டேட்டா'வில் அந்த ஃபோல்டரைக் காட்டி 'கம்பைன்' கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக்கும். அடுத்த மாதம் 'ரிஃப்ரெஷ்' அழுத்தினால் சரி. நேரம் மிச்சமாவது இங்கேதான். ஆனால் முதற் கோப்பைத் தவிர வேறொன்றில் யாராவது 'தொகை' என்ற தலைப்பை 'மொத்தம்' என்று மாற்றியிருந்தால், அந்த மாதத் தொகை வெறுமையாக வரும். எச்சரிக்கை எதுவும் வராது.

திகதி இதைவிடப் பெரிய தொல்லை. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 05/08 என்பதை மே 8 என்று எடுக்கும், 13/08 பிழையாகும். பிழையான வரிகளை நீக்கும் 'ரிமூவ் எரர்ஸ்' கொடுத்தால் 13ஆம் திகதி முதல் மாத முடிவு வரையான விற்பனை முழுவதும் போய்விடும். 'சேஞ்ச் டைப்' மெனுவில் 'யூசிங் லொகேல்' எடுத்து ஐக்கிய இராச்சிய ஆங்கிலத்தைத் தெரிவுசெய்யுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

கையால் பார்ப்பதன் அருமை நல்லூர்த் திருவிழாவில் தெரியும். கொடியேற்றம் 2023இல் ஓகஸ்ட் 21, 2024இல் ஓகஸ்ட் 9, 2025இல் ஜூலை 29. கொடியேற்றத்தோடு தொடங்கும் 25 திருவிழா நாட்களில் 2023 ஓகஸ்டுக்குள் விழுந்தவை 11, 2024 ஓகஸ்டுக்குள் 23. மாதத்தோடு மாதம் ஒப்பிடும் கருவிக்கு இது தெரியாது. 'ஓகஸ்ட் விற்பனை ஏறியது' என்று பச்சை அம்புக்குறி போடும். எக்செலின் 'ஃபோர்காஸ்ட் ஷீட்'டும் மாத விற்பனையைக் கொடுத்தால் உச்சம் ஆண்டுதோறும் அதே மாதத்தில் வரும் என்றே கணிக்கும். அதை நம்பி ஓகஸ்ட் தொடக்கத்தில் வேட்டியும் சேலையும் இறக்கினால், 2025 போன்ற ஆண்டில் கொடியேறிச் சில நாட்கள் போயிருக்கும்.

தீர்வு எளிது. அட்டவணையில் 'திருவிழா நாள்' என்று ஒரு நிரல் சேருங்கள்: விற்பனைத் திகதியிலிருந்து அவ்வாண்டுக் கொடியேற்றத் திகதியைக் கழித்து 1 கூட்டினால், கொடியேற்ற நாள் 1 ஆகும், முந்தைய நாள் 0, அதற்கு முன் −1. ஆண்டுகளை இந்த எண்ணால் ஒப்பிட்டால் மக்கள் எப்போது வாங்கத் தொடங்குகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். கொடியேற்றத் திகதியைக் கருவி தானாகக் கண்டுபிடிக்காது. நாட்காட்டி பார்த்து நீங்களே போட வேண்டும்.

அறிக்கையை இணையம் வழியாகக் கிளைகளுடன் பகிர ஆளுக்கொரு 'ப்ரோ' உரிமம் வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 14 டொலர். பார்ப்பவருக்கும் அது தேவை. சிறிய கடைக்கு இந்தச் செலவு அநாவசியம்: கோப்புகளைச் சேர்க்கும் அதே 'பவர் குவெரி' எக்செல் 2016 முதல் 'டேட்டா' தாவலிலேயே இருக்கிறது. எதில் செய்தாலும், ரிஃப்ரெஷ் முடிந்ததும் மாத மொத்தத்தைப் பில் மெஷினின் மாதக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். ஒரு ரூபா வித்தியாசம் வந்தாலும் திகதி நிரலிலிருந்து தேடத் தொடங்குங்கள்.