எலும்புக்குள் சீழ்: இங்கே சரியாகக் கண்டுபிடித்தார்கள்

என் தம்பிக்கு பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வேறொரு ஊரில் பிளேட் (உலோகத் தகடு) வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் தையல் தழும்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு துளை, அதில் சீழ் கசியும், மாத்திரை போட்டால் மூடிக்கொள்ளும், நிறுத்தினால் மறுபடி உடைத்துக்கொண்டு வரும். போன இடத்திலெல்லாம் கட்டு மாற்றி வேறு ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார்கள், உள்ளே எலும்பு எப்படி இருக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை.

இந்த மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது இதற்காகத்தான்: மருந்து எழுதும் முன் நோயைத் தேடினார்கள்.

டாக்டர் துளையைப் பார்த்ததுமே, "இது தோல் புண் இல்லைம்மா, எலும்பிலிருந்து வருது" என்றார். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் லேசாகத்தான் கூடியிருந்தன. நாள்பட்ட தொற்றில் அவை சரியாகவே இருந்தாலும் நம்பி விட்டுவிடக் கூடாதாம். பிளேட் இருப்பதால் எம்.ஆர்.ஐ. படம் கலங்கும் என்று சி.டி. எடுத்தார்கள். செத்துப்போன எலும்புத் துண்டு ஒன்று தனியாகக் கிடக்க, அதைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து மூடியிருந்ததைத் திரையில் விரல் வைத்துக் காட்டினார். அந்தத் துண்டுக்கு ரத்த ஓட்டமே கிடையாது, அதனால் எந்த மருந்தும் அங்கே சரியாகப் போய்ச் சேராது, கிருமி அது பாட்டுக்குக் குடியிருக்கும். இவ்வளவு நாள் ஏன் ஆறவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

முன்பு வழிகிற சீழைப் பஞ்சில் தொட்டு கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து எது என்று பார்க்கும் பரிசோதனை) அனுப்பியதில் ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு கிருமி பெயர் சொன்னது. தோல்மேல் இருக்கும் கிருமியும் அதில் சேர்ந்துவிடுமாம், எலும்பையே எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. இரண்டு வாரம் ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொன்னார்கள் (காய்ச்சல், வீக்கம் வந்தால் உடனே வா என்று சொல்லித்தான், நீங்களாக நிறுத்தாதீர்கள்). பிறகு ஆபரேஷனில் பிளேட்டையும் செத்த எலும்பையும் எடுத்தபோது ஐந்து இடத்திலிருந்து மாதிரி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனி பாட்டில். பயாப்சிக்கும் காசநோய்ப் பரிசோதனைக்கும் சேர்த்தே அனுப்பினார்கள். நம் ஊரில் எலும்பிலும் டி.பி. வரும், அதைத் தேடாமல் விடக் கூடாது. கடைசியில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிதான் என்று தெளிவாக வந்தது, அதற்குக் கேட்கிற மருந்தை மட்டும் ஆறு வாரம் கொடுத்தார்கள். துளை மூடிவிட்டது, இப்போது கசிவு இல்லை. ஆனாலும் வருஷங்கள் கழித்துக்கூடத் திரும்பலாம் என்பதால் செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

குறை என்றால், ஓ.பி.யில் கால் நீட்டி உட்கார இடமே இல்லை, கட்டுப் போட்ட காலோடு வருகிறவர்கள் பாவம். கல்ச்சர் ரிப்போர்ட்டும் தாமதம்தான், ஆனால் மெதுவாக வளரும் கிருமிக்காக இரண்டு வாரம் வரை வைத்திருந்து பார்க்கிறார்கள் என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மனசு வரவில்லை.

போகிறவர்கள் பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, இதுவரை சாப்பிட்ட ஆன்டிபயாடிக் பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே முதலில் கேட்பதே அதைத்தான்.