ஹெரிடேஜ் ஏல விலைப் பதிவேடு: தருமபுரி நகை மதிப்பீட்டாளர் ஒருவரின் விமர்சனம்

நகை மதிப்பீடு செய்கிறவனுக்குத் தங்கம் என்றால் எடை, மாற்று, அன்றைய விலை. தருமபுரி கடைவீதியில் எந்த அடகுக் கடைக்குள் நுழைந்தாலும் இதே கணக்குதான். இந்தக் கணக்கோடு, அமெரிக்காவின் டல்லாஸில் பழங்காசு ஏலம் விடும் ஹெரிடேஜ் ஆக்‌ஷன்ஸ் நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய ஏல விலைப் பதிவேட்டைத் திறந்தால் கொஞ்ச நேரம் தலை சுற்றும். ஒரே எடை, ஒரே மாற்று, ஒரே வருஷம் கொண்ட இரண்டு காசுகளில் ஒன்று தங்க விலைக்குப் போயிருக்கும், இன்னொன்று பல மடங்குக்குப் போயிருக்கும்.

நான் அங்கே காசு வாங்குகிற ஆள் இல்லை. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் ஓசூர், பெங்களூரு கம்பெனிகள் வழியாக அமெரிக்கா போகிறார்கள். வரும்போது அப்பா அம்மாவுக்குப் பழைய தங்கக் காசு வாங்கி வருகிறார்கள். அதை எங்களிடம் நீட்டினால் பதில் சொல்லத் தெரிய வேண்டுமே, அதற்காகத்தான் இந்தத் தளம்.

பதிவு செய்துகொள்ளக் காசு கேட்பதில்லை. உள்ளே போனால் பல வருஷத்து ஏல விலைகள், ஒவ்வொரு காசுக்கும் முன்பக்கம் பின்பக்கம் படம். அந்தப் படங்களுக்காகவே நாலு நட்சத்திரம் கொடுப்பேன். பெரிதாக்கினால் காசில் இருக்கும் முகத்தின் கன்னத்தில் விழுந்த கீறல், பைக்குள் காசோடு காசு மோதிய தழும்பு எல்லாம் தெரிகிறது. நாங்கள் உரைகல்லில் உரசிப் பழகியவர்கள். அங்கே ஒரு உரசல் பட்டாலே காசின் விலை சரிந்துவிடும் என்பதை அந்தப் படங்களையும் விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

பாலக்கோட்டிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். மணிவிழாவுக்கு மகள் கொடுத்த 20 டாலர் தங்கக் காசு, 1908-ம் வருஷத்தது. ஏதோ வீடியோவில் இதே மாதிரிக் காசு நூறு கோடி ரூபாய்க்கு மேல் போனதாகப் பார்த்திருக்கிறார்.

“தம்பி, அதுலயும் இதே பொம்மைதானுங்களே?”

“பொம்மை அதேதான் சார். வருஷம்தான் வேற.”

தராசில் 33.43 கிராம். அதாவது நாலு பவுனுக்கு மேல் ஒன்றரை கிராம் கிட்ட. மெஷினில் தங்கம் 90 சதவீதம் காட்டியது. 916 பார்த்துப் பழகிய கண்ணுக்கு மாற்று குறைவாகத் தெரியும். ஆனால் அந்தக் காசை அமெரிக்க அரசே 90 பங்கு தங்கம், 10 பங்கு செம்பு என்றுதான் அடித்தது. இதைச் சாக்காக வைத்து “மட்டத் தங்கம்” என்று விலையை அமுக்குகிறவர்கள் உண்டு, ஜாக்கிரதை.

அப்புறம் லென்ஸ். முன்பக்கத்தில் நிற்கிற பெண்ணின் பாதத்துக்குப் பக்கத்தில் வருஷம் இருக்கும். அதற்கு நேர் மேலே கடுகளவு எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘எஸ்’ இருந்தால் சான்பிரான்சிஸ்கோவில் அடித்தது, ‘டி’ இருந்தால் டென்வர். எதுவும் இல்லையென்றால் பிலடெல்பியா. வாத்தியார் காசில் எதுவும் இல்லை. பின்பக்கம் சூரியனுக்கு மேலே கடவுளை நம்புகிறோம் என்ற வாசகமும் இல்லை. கடவுள் பெயரைக் காசில் போடுவது மரியாதை இல்லை என்று அப்போதைய அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் நினைத்தார். அதனால் முதலில் விட்டுவிட்டார்கள். 1908-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் திரும்பச் சேர்க்க வைத்தது. வாசகம் இல்லாத பிலடெல்பியா காசு 42 லட்சத்துக்கு மேல் அடித்திருக்கிறார்கள். அதே வருஷத்து ‘எஸ்’ காசு வெறும் 22,000. பதிவேட்டில் இரண்டையும் தேடிக் காட்டினேன். தேய்ந்துபோன ‘எஸ்’ காசுக்கே தங்க விலைக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள்; தேயாத காசென்றால் கேட்கவே வேண்டாம்.

எத்தனை அடித்தார்கள் என்பதை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துவிடுவோம். 1927 டென்வர் காசு 1,80,000 அடித்தது. ஆனால் 1933-ல் அதிபராக இருந்த இன்னொரு ரூஸ்வெல்ட், பிராங்க்ளின், மக்கள் கையில் இருந்த தங்கத்தை அரசிடம் ஒப்படைக்கச் சொன்னார். கஜானாவில் கிடந்த காசுகள் உருக்கப்பட்டன. அந்த 1927 காசு இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் மிச்சம், ஏலத்துக்கு வந்தால் பத்து லட்சம் டாலரைத் தாண்டுகிறது. அதே வருஷத்துப் பிலடெல்பியா காசு கடைச்சரக்கு.

வாத்தியார் பார்த்த நூறு கோடிக் காசு 1933-ம் வருஷத்தது. 4,45,500 அடித்து, வெளியே விடாமலே உருக்கினார்கள். தப்பியவற்றில் தனிமனிதர் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்று. 2002-ல் அது 75.9 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதற்கு மேல் 20 டாலர் தனியாக அரசுக்குக் கட்டிய பிறகுதான் அது செல்லுபடியாகும் காசாயிற்று! 2021 ஜூனில் மறுபடி ஏலம் வந்து 1 கோடியே 88 லட்சம் டாலருக்குப் போனது. அது சதபீஸ் என்ற வேறு நிறுவனம் நடத்திய ஏலம் என்பதால் ஹெரிடேஜில் தேடிப் பயனில்லை. பல ஏல நிறுவனங்களின் விலையையும் சேர்த்துப் பார்க்க, காசுகளுக்குத் தரம் போடும் பிசிஜிஎஸ் நிறுவனத்தின் தளத்துக்குப் போக வேண்டும், அதுவும் இலவசம்தான்.

வாங்குகிறவர்களின் மனசும் இந்த விலைகளில் தெரிகிறது. தரம் போடும் நிறுவனங்கள் காசுகளுக்கு 70 வரை மார்க் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. 65 வாங்கிய காசுக்கும் 66 வாங்கியதற்கும் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அரிய காசென்றால் அந்த ஒரு மார்க்குக்கு விலை இரட்டிப்பாவதும் உண்டு. காசு சேர்க்கிறவர்களில் யாரிடம் சிறந்த தொகுப்பு என்று பட்டியல் போட்டுப் போட்டி நடத்துகிறார்கள். அப்படி இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் ஏலம் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. சாதாரணக் காசுக்கு நேர் எதிர். 2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸ் (31.1 கிராம்) 4,000 டாலரைத் தாண்டியபோது ஆளாளுக்கு விற்க வந்தார்கள். பழமைக்கென்று கொடுத்துக்கொண்டிருந்த கூடுதல் தொகை சுருங்கி, வாத்தியார் காசு மாதிரிச் சரக்கெல்லாம் தங்க விலையோடு ஒட்டிக்கொண்டது.

தளத்தில் பிடிக்காத ஒரு விஷயம். காட்டுகிற விலையில் வாங்குபவர் கட்டும் கமிஷனும் அடக்கம், அது ஏலத்தில் கேட்ட தொகையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. நம் ஊர்க்காரர் அந்த எண்ணை அப்படியே ரூபாயில் பெருக்கிக்கொண்டு வந்து நிற்கிறார், அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

நேரலை ஏலம் பார்க்க ஆசைப்பட்டால் அலாரம் வையுங்கள். டல்லாஸில் மாலை ஆறு என்றால் நமக்குக் கோடையில் விடியற்காலை நாலரை, குளிர்காலத்தில் அஞ்சரை. செல்போனில் பார்ப்பதைவிடக் கம்ப்யூட்டரில் பாருங்கள், படம் பெரிதாகத் தெரியும். உறையில் உள்ள காசு கையில் இருந்தால், ஏல விலை தேடுவதற்கு முன் உறையின் நம்பரைத் தரம் போட்ட நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் உங்கள் காசோடு ஒப்பிடுங்கள். காசு மட்டுமல்ல, உறையிலும் போலி வருகிறது.