துருப் பிடித்த பழைய கார்: பட்டியா, துருமாற்றியா, வெல்டிங்கா?

பின்சக்கரத்துக்கு மேலே, பெயிண்டுக்கு அடியில் மிளகு அளவில் ஒரு கொப்புளம். நகத்தால் கீறினால் பெயிண்ட் உதிர்ந்து பழுப்பாகத் தகரம் தெரிகிறது. இதைச் சரிசெய்ய நாலைந்து வழிகள் இருக்கின்றன. வேலை முடிந்த அன்று எல்லாமே ஒரே மாதிரிதான் பளபளக்கும். எது நின்றது, எது ஏமாற்றியது என்று தெரிய ஒன்றிரண்டு மழைக்காலம் ஆகும். அதனால் ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: தகரத்தின் பின்பக்கம் என்ன ஆகிறது?

இந்தக் கேள்வி பட்டுத் தெரிந்துகொண்டது. என் காரில் இதே இடத்தை ஒரு பட்டறையில் தேய்த்து, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். கை வைத்துத் தடவினால்கூடப் பழுது பார்த்த இடம் தெரியவில்லை. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் அதே இடம் மறுபடி ஊதியது. உடைத்துப் பார்த்தபோது பட்டி அப்படியே முழுசாக இருந்தது. அதைத் தாங்க வேண்டிய தகரம்தான் இல்லை.

காரணம் எளிமையானது. வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் பகுதி), கதவின் அடிவிளிம்பு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, டிக்கியின் ஓரம் எல்லாமே இரண்டு தகடுகள் சேரும் இடங்கள். சக்கரம் வாரி அடிக்கும் சேறு அந்த இடுக்கில் தங்கி, நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகள் அடைத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அந்த உப்பல்தான் பெயிண்டைத் தூக்குகிறது. கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் துரு வெளியிலிருந்து உள்ளே போகும். இந்த இடுக்குகளில் வரும் கொப்புளமோ பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வந்தது.

எனவே எந்த வழி என்று முடிவு செய்யும் முன் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே சோதித்துப் பாருங்கள். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொப்புளத்தைச் சுற்றிக் குத்துங்கள். நல்ல தகரம் 'டங்' என்று எதிர்த்து நிற்கும். செத்த தகரம் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். காந்தத்தையும் ஓட்டிப் பாருங்கள். அது சரியாகப் பிடிக்காத இடத்தில் முன்பே யாரோ பட்டியோ ஃபைபரோ பூசியிருக்க வாய்ப்புண்டு. பழைய கார் வாங்கப் போகும்போதும் ஒரு சின்னக் காந்தம் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஓட்டை விழவில்லை, துரு மேலோடு நிற்கிறது என்றால் போட்டி இரண்டுக்கு நடுவில்தான். ஒன்று, உப்புத்தாளாலோ கம்பி பிரஷ் பொருத்திய கிரைண்டராலோ தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, பெயிண்டுக்கு அடியில் போகும் பூச்சான எபாக்ஸி பிரைமரை அடிப்பது. இன்னொன்று, உதிரும் துருவை மட்டும் சுரண்டிவிட்டு, மிச்சத் துருவை வேறு பொருளாக மாற்றும் துருமாற்றித் திரவத்தைப் பூசுவது.

தேய்க்க முடிகிற இடத்தில் தேய்த்துவிடுவதே மேல். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எபாக்ஸி ஈரத்தை எளிதில் உள்ளே விடாது. மேடுபள்ளம் நிரப்ப அடிக்கும் சாதாரண பிரைமர் அப்படியல்ல. அதில் நுண்துளைகள் உண்டு. அதை மட்டும் அடித்துவிட்டுக் காரை வாரக்கணக்கில் வெளியில் நிறுத்தினால் ஈரம் அதன் வழியாகவே தகரத்தைத் தொட்டுவிடும்.

துருமாற்றியை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். அதில் இருப்பது பெரும்பாலும் டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம். முன்னது துருவைக் கருநீலமான இரும்பு டானேட்டாகவும் பின்னது இரும்பு பாஸ்பேட்டாகவும் மாற்றுகிறது. ஆழமான குழிக்குள்ளும் கிரைண்டர் நுழையாத மூலையிலும் இதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் திரவம் நனைத்த ஆழம் வரைதான் மாற்றம் நடக்கும். பாளம் பாளமாக நிற்கும் துருமேல் பூசினால் மேலே கறுத்துவிடும், அடியில் பழைய கதை தொடரும். துரு இல்லாத பளிச்சென்ற தகரத்தில் பூசியும் பெரிய பயன் இல்லை. அப்புறம், அமிலத்தின் மிச்சம் எபாக்ஸி பிரைமரின் பிடிப்பைக் கெடுக்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதானால், டப்பாவில் கழுவச் சொல்லியிருக்கிறதா, எத்தனை மணி நேரம் காயச் சொல்லியிருக்கிறது என்று படித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஓட்டை விழுந்துவிட்டால் நிலைமை வேறு. பட்டி என்பது பள்ளத்தை நிரப்பும் பொருள், ஓட்டையை அடைக்கும் பொருள் அல்ல. பாலியஸ்டர் பிசினில் டால்க் தூளெல்லாம் கலந்த அது ஈரத்தை உறிஞ்சும். முன்பக்கம் பெயிண்ட் காக்கிறது, பின்பக்கம் காக்க யார் இருக்கிறார்கள்? நல்ல தகரத்தின்மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குப் போட்டால் பட்டி பல வருடம் நிற்கும். அதன்மேல் எனக்கு வேறு கோபம் இல்லை.

கண்ணாடி இழைப் பாயும் பிசினும் வைத்து ஒட்டும் ஃபைபர் ஒட்டு இதைவிடக் கெட்டி. ஆனாலும் துருப் பிடித்த விளிம்பில் அது சரியாகப் பிடிக்காது. வெயிலில் இரும்பும் ஃபைபரும் ஒரே அளவு விரிவதும் இல்லை, ஓரத்தில் மயிரிழை அளவு பிளவு விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்த் தங்கும். காரை இன்னும் ஒரு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடப் போகிறேன் என்பவருக்கு, பாரம் தாங்காத வெளித்தகட்டில் மட்டும், இது போதும்.

மிச்சம் இருப்பது வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வது. என் ஓட்டு இதற்குத்தான். வேலை அதிகம், கைப்பழக்கமும் வேண்டும். முதல் கஷ்டம் மனசுக்கு: நாணயம் அளவு ஓட்டைக்காகக் கையகலத் தகரத்தை வெட்ட வேண்டியிருக்கும். நல்ல தகரம் வரும்வரை வெட்டாவிட்டால், நைந்த விளிம்பு வெல்டிங் சூட்டில் உருகி ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

காரின் வெளித்தகடு பொதுவாக 0.7 முதல் 0.9 மில்லிமீட்டர் கனம்தான். கேஸ் வெல்டிங் சூடு பரவி அதை எளிதில் நெளித்துவிடும். 0.6 மில்லிமீட்டர் கம்பி போட்ட மிக் வெல்டிங் (மின்சாரத்தில் கம்பியே உருகிச் சேரும் முறை), ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவோடு, இந்தக் கனத்துக்குப் பொருத்தம். அப்போதும் ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது. ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, சூடு தணிந்தபின் நடுவில் ஒன்று என்று பொறுமையாக இடைவெளிகளை நிரப்ப வேண்டும். புதுத் துண்டைப் பழைய தகட்டின்மேல் ஏற்றி வைப்பதைவிட விளிம்போடு விளிம்பு சேர்ப்பது நல்லது. ஏற்றி வைத்தால், எந்த இடுக்கால் துரு வந்ததோ அதே மாதிரி புது இடுக்கு ஒன்றை நாமே செய்து வைத்ததாகும்.

வெல்டிங் தெரியாதவர்களுக்குப் பேனல் பசை இருக்கிறது. சூடு இல்லை, நெளியாது, சேரும் விளிம்பையும் பசையே மூடிவிடும். கார் தயாரிப்பாளர்களே சில வெளித்தகடுகளுக்கு இதை அனுமதிக்கிறார்கள். ஆனால் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதி, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், சீட் பெல்ட் மாட்டும் இடம் ஆகியவற்றில் பசையோ ஃபைபரோ வேண்டவே வேண்டாம். தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாத காரில் பாடிதான் எலும்புக்கூடு. விபத்தில் உயிரைக் காப்பது அந்தப் பெட்டிகள்தான். அங்கே கைதேர்ந்தவர் வெல்டிங் செய்யட்டும். வெட்டும் முன் காரைச் சரியாகத் தாங்கி, கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி கொடுத்து இறுக்காவிட்டால் பாடி லேசாக இறங்கி, அப்புறம் கதவு சாத்தாது.

நீங்களே செய்வதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். உள்பக்கத்து விரிப்பு, பஞ்சு எல்லாவற்றையும் அகற்றுங்கள். பெட்ரோல் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, தண்ணீரோடு ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். சேரும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுக் காற்றோட்டத்தில் செய்யுங்கள்.

இவ்வளவு செய்தும் வெல்டிங்கோடு நிறுத்திக்கொண்டால் என் கேள்வியில் இதுவும் தோற்கும். பற்றவைத்த சூட்டில் பின்பக்கத்துப் பெயிண்ட் கருகி, தகரம் வெறுமையாக நிற்கிறது. பெயிண்ட் வேலை முடிந்ததும் நீளக் குழாய் பொருத்திய ஸ்பிரேயால் உள்ளறைக்குள் துருத்தடுப்பு மெழுகு அடிக்க வேண்டும். அது மெல்ல வழிந்து இடுக்குகளில் புகும். மறுநாள் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு கீழே உள்ள ஒவ்வொரு வடிகால் துளையையும் குத்திப் பாருங்கள். நாம் அடித்த மெழுகே சிலவற்றை அடைத்திருக்கும்.