அண்ணா என்று கூப்பிட்டே 4,75,000 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

இன்று மதியம் 3 மணிக்குக் கடைசியாகச் சொல்லிவிட்டார்கள், பழைய போர்ஷே காருக்குக் கொடுத்த முன்பணம் திரும்ப வராதாம். 4,75,000 ரூபாய். நாலே முக்கால் லட்சம். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று கோத்தகிரியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது பார்க்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் தருகிறேன். முதலில் நடந்தது.

கடையின் பெயரை எழுதவில்லை. வழக்கு போடப் போகிறேன், அதுவரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். மலையிறங்கினால் வரும் பெரிய நகரத்தில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பழைய சொகுசுக் கார்களை நிறுத்தி வைத்து, இணையத்திலும் படம் போட்டு விற்கும் கடை. இவ்வளவு போதும்.

மஸ்கட்டில் 11 வருடம் வேலை பார்த்தேன். ஊர் திரும்பி அப்பாவின் மூன்று ஏக்கர் தேயிலையையும் இரண்டு அறை ஹோம்ஸ்டேவையும் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, எனக்கென்று ஒரே ஒரு ஆசை வைத்திருந்தேன். கொண்டை ஊசி வளைவில் 30-ஐத் தாண்டாத ஊரில் 255 குதிரைச் சக்தி எதற்கு என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆசைக்கு எப்போது நியாயம் தெரிந்திருக்கிறது?

மூன்று வண்டிகளை வைத்து ஒரு வருடம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். போர்டு மஸ்டாங் ஜிடி, 5 லிட்டர் வி8. சத்தம் அருமை, ஆனால் 1.9 மீட்டருக்கு மேல் அகலம். எதிரே அரசுப் பஸ் இறங்கி வரும்போது எந்தப் பக்கம் ஒதுங்குவது? அடுத்து ஆடி டிடி. 2 லிட்டர் டர்போ, 230 குதிரை, நான்கு சக்கரத்துக்கும் இழுவை, மழை ஈரத்தில் சாலையைப் பிடித்துக்கொண்டு போகும். மூன்றாவது போர்ஷே பாக்ஸ்டர், 2.9 லிட்டர், டர்போ இல்லாத ஆறு சிலிண்டர், இன்ஜின் நம் முதுகுக்குப் பின்னால்.

கணக்குப் போட்டால் மலைக்கு டிடிதான் சரி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிவு. டர்போ இல்லாத இன்ஜின் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் 255 ஆக இருக்கும் பாக்ஸ்டர், ஊட்டியில் 200 சொச்சம்தான். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் டிடிக்கு அந்த இழப்பு குறைவு. எல்லாம் தெரிந்துதான் பாக்ஸ்டர் மேல் விழுந்தேன், அந்த ஆறு சிலிண்டர் சத்தத்துக்காக. அதிலும் 2009-க்கு முந்தைய இன்ஜின் வேண்டாம், இடைத்தண்டு பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும், 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டே கிடையாது என்பது வரை படித்து வைத்திருந்தேன். இவ்வளவு படித்தவனுக்கு சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

2011 மாடல், சிவப்பு, சென்னைப் பதிவு, ஒரே ஓனர், 28,400 கி.மீ., விலை 27 லட்சம் என்று விளம்பரம். போனில் பேசிய பையனுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கோத்தகிரி என்றதும் குரலே மாறிவிட்டது. "அட, நம்ம ஊருங்களா! எங்க தாத்தா அருவங்காட்டுலதானுங்ணா வேலை பார்த்தாரு. சின்ன வயசுல லீவு விட்டா குன்னூர்தான்." லேம்ப்ஸ் ராக் சொன்னார், சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி சொன்னார், எங்கள் வர்க்கி கீழே எங்கேயும் அந்த மொறுமொறுப்பில் கிடைப்பதில்லை என்றார். நேரில் போகும்போது ஒரு கிலோ வர்க்கியும் அரைக் கிலோ தேயிலைத் தூளும் வாங்கிக்கொண்டு போனேன். ஆமாம், என்னை ஏமாற்றப் போகிறவனுக்கு நானே பலகாரம் வாங்கிப் போனேன். கடையில் எல்லோருமாகப் பிரித்துத் தின்றார்கள்.

ஓட்டிப் பார்த்தது மொத்தமே நாலு கிலோமீட்டர், நேரான சாலையில். மலையடிவாரத்துக் கல்லார் வரை போய் இரண்டு வளைவு ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "இன்சூரன்ஸ்ல அதுக்கு விடமாட்டாங்கணா." சரி என்று விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வருகிறேன் என்றேன். "தாராளமா வாங்கணா. ஆனா கொச்சியில ஒரு டாக்டர் இதே வண்டியைக் கேட்டுட்டு இருக்காரு. நீங்க டோக்கன் போட்டுட்டா நான் நிறுத்தி வச்சுக்குவேன். புடிக்கலைன்னா அப்படியே திருப்பிக் குடுத்துடறேன். நம்ம ஊருக்காரரை நான் ஏமாத்துவேனுங்களா?"

அந்த வாக்கியம்தான். அதைச் சொல்லும்போது என் தோளில் கை வைத்தார். அன்றே 1,00,000 அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, டாக்டர் முழுத் தொகையோடு கிளம்பி வருகிறாராம், இன்னும் 3,75,000 போட்டால்தான் முதலாளியிடம் பேச முடியும் என்றார். அனுப்பினேன். இந்த இரண்டாவது தொகை போனது கடையின் பெயரில் இருந்த கணக்குக்கு அல்ல, ஒரு தனி ஆளின் கணக்குக்கு. கேட்டதற்கு, ஓனரின் கணக்குதான், ஜிஎஸ்டி விஷயம் என்றார். அப்போதே மணி அடித்திருக்க வேண்டும். ரசீது மெயிலில் வந்தது பணம் போய்ச் சேர்ந்த பிறகு. அதன் மூன்றாம் பக்கத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று இருந்தது.

ஒன்பது நாள் கழித்து, ஊட்டியில் கேரேஜ் வைத்திருக்கும் நண்பரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு சாணில், டிகாஷன் சிந்திய மாதிரி நேர்கோடாக ஒரு கறை. இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு. கார்ப்பெட்டைத் தூக்கினால் வீச்சம். இருக்கைக்கு அடியில் உள்ள மின் இணைப்பின் பின்களில் பச்சைக் களிம்பு. வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனை கார் மூழ்கியது என்று நாமெல்லாம் டிவியில் பார்த்தோமே.

அதோடு நிற்கவில்லை. இந்த வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டரில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பதிவாகியிருக்கும். மீட்டரைத் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. நண்பர் ஸ்கேனரை மாட்டினார். 2,310 மணி நேரம். மீட்டரில் 28,400 கி.மீ. வகுத்தால் மணிக்கு 12 கிலோமீட்டர் வருகிறது. போர்ஷே! எங்கள் ஊர் மினி பஸ்ஸே அதைவிட வேகமாகப் போகும். சராசரி 30 என்று வைத்தால்கூட வண்டி 69,000 கி.மீ. ஓடியிருக்க வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பார்த்தால், ஒரே ஓனர் என்று சொன்ன வண்டிக்கு 2024-இல் புதுப்பித்தபோது நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம். பெரும்பாலும் முந்தைய வருடம் ஏதோ ஒரு கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தப் பேப்பர் முதல் நாளே என் வாட்ஸ்அப்பில் வந்து கிடந்தது. நான் திறந்தே பார்க்கவில்லை.

பையனிடம் காட்டினேன். "சென்னை டிராஃபிக்ல ஏசி போட்டு நின்னிருக்கும் சார்."

கவனித்தீர்களா? சார். அதுவரை அண்ணா. கறையைக் காட்டிய அந்த நிமிடத்திலிருந்து நான் சார் ஆகிவிட்டேன்.

அப்புறம் பணத்தைத் திருப்பிக் கேட்டு 47 நாள் அலைச்சல். முதலில் ஏழு வேலை நாளில் பணம் வரும் என்றார்கள். பிறகு அக்கவுண்ட்ஸ் பெண் லீவு. பிறகு மேனேஜர் ஊரில் இல்லை. ஒருமுறை நேரில் போனேன், காலை 6 மணிக்குக் கோத்தகிரியில் பஸ் ஏறி. மதியம் வரை சோபாவில் உட்கார வைத்தார்கள். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கடைசியில் ஒருவர் வந்து, பணமாகத் தர முடியாது, அதே தொகைக்கு வேறு வண்டி எடுத்துக்கொள்ளலாம் என்றார். வேறு வண்டி என்று காட்டியது 38 லட்சத்துக்கு. இன்று மதியம் பேசிய பெண், "கஸ்டமர் கேன்சல் பண்ணதால ரீஃபண்ட் கிடையாது" என்று ஏதோ எழுதி வைத்ததைப் படித்தார். அண்ணா போய், சார் போய், இப்போது வெறும் கஸ்டமர். பையன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஆனால் அந்தச் சிவப்பு வண்டி இன்னும் அவர்கள் விளம்பரத்தில் இருக்கிறது. அதே 28,400 கி.மீ. விலை மட்டும் 26 லட்சம் ஆகியிருக்கிறது.

நாலே முக்கால் லட்சம் என்றால் இங்கே என்ன தெரியுமா? பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் 23,750 கிலோ. அப்பா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பத்து விஷயம் எழுதுகிறேன் என்று சொன்னேன். மன்னியுங்கள், இப்போது அதற்குத் தெம்பில்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். உங்கள் ஆள் வண்டியைப் பார்க்கும் வரை ஒரு ரூபாய் டோக்கன் போடாதீர்கள், கொச்சியில் எந்த டாக்டரும் கிடையாது. பணம் தனி ஆள் கணக்குக்குப் போகிறது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பித் தருவேன் என்பதை வாயால் சொன்னால் போதாது, கையெழுத்தோடு வாங்குங்கள். சீட் பெல்ட்டை முழுசாக இழுங்கள். ஓடிய மணி நேரத்தைக் கேளுங்கள். பாலிசியைத் திறந்து படியுங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம், அதையும் பாருங்கள். என் வண்டியில் 3216 என்று இருந்தது. என் வண்டி என்று எழுதிவிட்டேன் பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வழக்குப் போட நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போகிறேன். பேங்க் ஸ்டேட்மெண்ட், வாட்ஸ்அப் உரையாடல், ஸ்கேனர் ரிப்போர்ட் எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்தாயிற்று. அந்தக் கடையில் இதே மாதிரி பணம் கொடுத்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.