அம்மி கேட்டால் பூரிக்கட்டை: ஏஐ-யோடு குப்பை கொட்டிய கதை

பழைய சமையலறைச் சாமான்களைப் பற்றி ஒரு சின்ன யூடியூப் சேனல் நடத்துகிறேன். வாரம் ஒரு வீடியோ. பேசுவது நான், குறுக்கே பேசுவது அம்மா. 2023 தொடக்கத்தில், சாட்ஜிபிடி வந்து ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம், ஸ்கிரிப்ட் எழுதும் வேலையை ஏதாவது ஒரு ஏஐ தலையில் கட்டிவிடலாம் என்ற சோம்பேறித்தனத்தில்தான் ஆரம்பித்தேன். அப்புறம் நாலைந்து கருவிகள் மாறிவிட்டன. எது எங்கே சொதப்பியது என்று பெயர் போட்டுச் சொல்லப் போவதில்லை.

எந்தச் சாமானைக் கேட்டாலும் "வணக்கம் நண்பர்களே, இன்று நாம் ஒரு சுவாரசியமான பயணம் போகப் போகிறோம்" என்றுதான் தொடங்கும். ஆட்டுக்கல்லுக்கும் பயணம், அஞ்சறைப் பெட்டிக்கும் பயணம். பேச்சுத் தமிழில் கொடு என்றால் வரிக்கு வரி மச்சி, டா. பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுகிற மாதிரி நடுவில் ஒரு தமிழ் இருக்கிறதே, அது வரவே இல்லை. என் பழைய ஸ்கிரிப்ட் பத்தை ஒட்டிக் காட்டினால் கொஞ்சம் தேறும், ஆனால் அதைத் திருத்துகிற நேரத்தில் நானே எழுதிவிடலாம்.

அதைவிட மோசம், கூசாமல் பொய் சொல்வது. அம்மி வீடியோவுக்காகச் சங்க இலக்கியத்தில் ஏதாவது தேறுமா என்று கேட்டேன். புறநானூறு 417-ஆவது பாட்டு என்று நாலு வரியும் பொருளும் வந்தது. வரிகள் நன்றாகவே இருந்தன. எடிட்டிங் முடித்து ஏற்றப் போகும்போதுதான் உறைத்தது, புறநானூற்றில் மொத்தமே 400 பாட்டு. 217 என்று சொல்லியிருந்தால் மாட்டியிருப்பேன்.

அதே வீடியோவின் தம்ப்நெயிலுக்குப் படம் வரையும் ஏஐ-யிடம் போனேன். அம்மியில் மசாலா அரைக்கும் பாட்டி என்று கேட்டால், கிண்ணம் போலக் குழிந்த ஒரு கல்லில் பாட்டி குத்திக்கொண்டிருக்கிறார். தட்டையான கல், மேலே உருளையான குழவி, இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுக்க வேண்டும் என்று பத்தி பத்தியாக விளக்கினேன். பூரிக்கட்டை வந்தது. அலுத்துப்போய், இருந்ததில் ஒன்றைப் போட்டுவிட்டேன். முதல் கமெண்டே "அக்கா, அது மருந்து இடிக்கிற கல்லு". அன்றைக்கே கொல்லையில் கிடந்த எங்கள் வீட்டு அம்மியைக் கழுவி, போனில் படம் எடுத்து மாற்றினேன். கொத்தி வருஷக்கணக்காகி வழவழவென்றுதான் இருந்தது, ஆனால் அம்மி.

தொண்டை கட்டிய ஒரு வாரம் செயற்கைக் குரலும் போட்டுப் பார்த்தேன். ழகரம் பரவாயில்லை. ஆனால் பாவம் என்று பரிதாபப்படுவதற்கும் பரதநாட்டியத்தில் காட்டும் பாவத்துக்கும் நமக்கு ஒரே எழுத்துதானே, "பாவம் அம்மா, கை வலிக்கும்" என்ற வரியை அது நாட்டிய பாவமாகவே வாசித்தது. அம்மா கேட்டுவிட்டு, "யாருடி இவ, நியூஸ் படிக்கிறவளா?" என்றார். அந்த வாரம் வீடியோ போடவில்லை.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? சப்டைட்டில். 12 நிமிட வீடியோவுக்கு உட்கார்ந்து தட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. இப்போது பேச்சைக் கேட்டு அதுவே எழுதிவிடுகிறது, நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் பேசும் இடங்களைச் சரிசெய்து, ஆங்கிலத்திலும் ஒன்று எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். இன்னொன்று, ஸ்கிரிப்டைப் படித்துக் கருத்துச் சொல்வது. முன்பெல்லாம் தமிழை நீளமாக ஒட்டினால் பாதியிலேயே மூச்சு வாங்கும், நம் எழுத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி எண்ணுவதால். 2024 மே மாதம் சாட்ஜிபிடியின் புது மாடலான ஜிபிடி-4ஓ வந்தபோது, அதைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனம் காட்டிய உதாரணத்தில், 116 துண்டாக இருந்த தமிழ் வரிகள் 35 ஆகியிருந்தன. இப்போது முழு ஸ்கிரிப்டையும் ஒட்டி "எங்கே இழுக்கிறேன்?" என்று கேட்க முடிகிறது, பதிலும் பெரும்பாலும் நியாயமாகவே வருகிறது. என்ன, அம்மா பேசும் இடங்களையெல்லாம் வெட்டச் சொல்லும், அதை மட்டும் நான் கேட்பதில்லை.

படச் சந்தாவை நிறுத்தியாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் சாட்ஜிபிடியின் 399 ரூபாய்த் திட்டம் வந்ததும், மாதம் 1,999 கட்டுவதையும் விட்டேன், என் வேலைக்கு இதுவே தாராளம். அடுத்த வாரம் உரல். படம் ஏற்கெனவே போனில் இருக்கிறது.