படகு இன்ஜினை வேலைக்குக் கொடுப்பவர்கள் கவனம்: 18,000 கொடுத்தும் நடுக்கடலில் நின்றோம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன், அடுத்த ஆள் அங்கேயே போய் மாட்டுவார்.

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களுக்கு வேலை பார்க்கும் ஒரு பட்டறை. பெயர் சொல்லவில்லை, பணம் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. என் படகில் பேட்டரி நிற்கவே இல்லை. இரவெல்லாம் சார்ஜ் போட்டு எடுத்துப் போனாலும் பாதி நாளில் செல்ஃப் சோர்ந்துவிடும். மூடியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், "ரெக்டிஃபையர் போயிடுச்சு அண்ணே, அது பேட்டரியையும் சேர்த்துக் கெடுத்துடுச்சு. ரெண்டையும் மாத்திடலாம்" என்றார். சொன்ன காரணம் நியாயமாகத்தான் இருந்தது. இன்ஜின் சுற்றும்போது ஸ்டேட்டர் என்ற காயிலில் உண்டாகும் ஏசி மின்சாரத்தை, பேட்டரி ஏற்றுக்கொள்ளும் டிசியாக்கி அனுப்புவது ரெக்டிஃபையர் என்ற அந்தச் சின்னப் பெட்டிதான். அது செத்தால் பேட்டரிக்கு ஒன்றும் போகாது. புது ரெக்டிஃபையர், புது பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து 18,000 என்றார். சரி என்றேன்.

இனிமேல்தான் விஷயமே. இன்ஜினை எடுக்கப் போனபோது அவரே மல்டிமீட்டரைக் கொண்டுவந்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைத்து, திரையை என் பக்கம் திருப்பினார். 12.7 வோல்ட். "பாத்துக்கோங்க அண்ணே, ஃபுல்லா நிக்குது. இனி தைரியமா போங்க." கேட்காமலே மீட்டர் வைத்துக் காட்டும் பட்டறை எத்தனை இருக்கிறது? மறுபேச்சு இல்லாமல் 18,000-ஐ எண்ணிக் கொடுத்தேன்.

இன்ஜின் அப்போது ஓடவில்லை. ஓடாத இன்ஜினில் 12.7 என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். சார்ஜ் ஏறுகிறதா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. தினமும் இதே வேலை பார்க்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

மச்சானும் நானும் விடியுமுன் கிளம்பினோம். மீன் நன்றாகவே கடித்தது. இடம் மாற்ற மாற்ற இன்ஜினை நிறுத்துவதும் கிளப்புவதுமாக இருந்தோம். இந்த இன்ஜினில் ஸ்பார்க்கிற்கான மின்சாரம் தனிக் காயிலில் வருகிறது, அதனால் ஓடுகிறவரை ஒரு குறையும் தெரியாது. முதலில் மீன் இருக்கும் இடம் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் திரை மங்கியது, தானே அணைந்து தானே எரிந்தது. அப்புறம் சாவியைத் திருப்பினால் 'டக்'. மறுபடியும் 'டக்'. செல்ஃபுக்கு மின்சாரம் விடும் சோலினாய்டு சுவிட்ச் மட்டும் தட்டுகிறது, செல்ஃப் சுற்றவில்லை. அவசரக் கயிற்றை இன்ஜின் மேலிருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தில் சுற்றி மாறி மாறி இழுத்தோம். மச்சானுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்தது, இன்ஜின் அசையவில்லை. காற்று வேறு ஏறிவிட்டது, நங்கூரத்தில் கிடந்த படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கடைசியில் வேறொரு படகுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தார். புண்ணியவான், காசே வேண்டாம் என்றார். எரிபொருளுக்காவது இருக்கட்டும் என்று கையில் திணித்தோம்.

பட்டறைக்குப் போன் போட்டால், "ஃபிஷ் ஃபைண்டரை ரொம்ப நேரம் ஓட விட்டிருப்பீங்க." அது இழுக்கும் மின்சாரம் எவ்வளவு? சார்ஜ் ஏறும் இன்ஜின் அதைக்கூடவா ஈடுகட்டாது? அடுத்த தடவை, "உப்புத்தண்ணி உள்ள போயிருக்கும்." கடலில் ஓடும் இன்ஜினில் உப்புத்தண்ணீர் படும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்ததாம்! நேரில் போனால், "எலக்ட்ரிக்கல் சாமானுக்கு வாரண்டி கிடையாது அண்ணே, ஓனர் வந்தாதான் பேச முடியும்." 18,000 வாங்கும்போது எந்த ஓனரும் தேவைப்படவில்லை. இப்போது போனையே எடுப்பதில்லை.

வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்தார். 12.2. ஆக்சிலேட்டரைக் கூட்டினாலும் அதே 12.2. சார்ஜ் ஏறினால் 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ரெக்டிஃபையர் மேல் பளபளவென்று கறுப்புப் பெயின்ட். நகத்தால் சுரண்டினால் உரிகிறது, அடியில் உப்பரித்து வெள்ளை பூத்த பழைய அலுமினியம். பெயின்ட் போல்ட் தலை மேலும் அதைச் சுற்றியும் விரிசல் இல்லாமல் ஒரே பூச்சாக ஓடியிருந்தது. அதாவது, கழற்றவே இல்லை! இருந்த இடத்திலேயே பிரஷ் போட்டிருக்கிறார்கள். ஸ்டேட்டரிலிருந்து வரும் மஞ்சள் வயர்களின் கனெக்டர் உருகிப்போயிருந்தது, அதற்கு மேல் இன்சுலேஷன் டேப். பிரித்தால் உள்ளே தாமிரம் கறுத்து, தொட்டதும் பொடிந்தது. பேட்டரி மட்டும் புதுசு. அதுவும் புதுசுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இன்ஜின் ஓடும்போது மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், நிறுத்தி வைத்துக் காட்டினால் நம்பாதீர்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். டேப் சுற்றிய இடம் எதுவானாலும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓடுகிற இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கிறேன் என்று யாராவது வந்தால் கிட்டவே விடாதீர்கள், நல்ல ரெக்டிஃபையரும் போய்விடும். பில்லில் என்ன சாமான், என்ன பார்ட் நம்பர் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். என் பில்லில் இருப்பது "எலக்ட்ரிக்கல் வேலை, 18,000" என்ற ஒரே வரி.